ப்ராசஸரை மாற்றினால் ஃபிரேம் கூடுமா? அளந்து பார்த்து முடிவெடுக்கும் வழி

ரைசன் 5 3600 ப்ராசஸர் வைத்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் 4கே மானிட்டரும் நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. மற்றவரிடம் 1080பி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அதைவிடப் பெரிய கார்டும். முதலாமவர் எவ்வளவு உயர்ந்த ப்ராசஸரை வாங்கி மாட்டினாலும் ஒரு ஃபிரேம்கூடக் கூடாமல் போகலாம். இரண்டாமவருக்கு அதே மாற்றம் புதுக் கணினி வாங்கியதுபோல் இருக்கும். ஆகவே "இந்த ப்ராசஸர் நல்லதா?" என்று கேட்டுப் பயனில்லை. உங்கள் கேமில், உங்கள் செட்டிங்கில், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், செலவும் கிடையாது. அதைச் செய்யாமல் வாங்குவதுதான் செலவு.

இரண்டு உச்சவரம்புகள்

ஒரு ஃபிரேம் திரைக்கு வருவதற்குள் இரண்டு கை மாறுகிறது. ப்ராசஸர் உங்கள் மவுஸ் அசைவை வாங்கி, பாத்திரங்களின் நடமாட்டத்தையும் மோதல்களையும் கணக்கிட்டு, கேமராவில் எது தெரியும் எது தெரியாது என்று பிரித்து, வரைய வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறது. கார்டு அந்தப் பட்டியலைப் பார்த்து வரைகிறது. சித்தாள் செங்கல் எடுத்துக் கொடுக்க, கொத்தனார் சுவர் எழுப்புவது மாதிரி. இருவரில் யார் மெதுவோ, சுவர் அவர் வேகத்தில்தான் எழும்பும்.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் இரண்டுமே தன் பங்கை 16.7 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். 144க்கு 6.9 மில்லி விநாடி, 240க்கு 4.2 மில்லி விநாடி.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியல் எழுதும் வேலை ரெசல்யூஷனைப் பொறுத்து ஏறக்குறைய மாறுவதே இல்லை. தெருவில் நூறு பேர் நடந்தால் 720பியிலும் நூறு பேர், 4கேயிலும் நூறு பேர். புள்ளிகள் கூடினால் கார்டின் சுமைதான் கூடும். அதனால் உங்கள் ப்ராசஸருக்கு ஒரு கேமின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு; கார்டுக்கு வேறோர் உச்சவரம்பு உண்டு. திரையில் நீங்கள் பார்ப்பது இரண்டில் சிறியதை. ப்ராசஸரை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா, எதையும் மாற்றாமல் இருப்பதா என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

எண்களை எடுப்பது எப்படி

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். கார்டின் பயன்பாடு, கார்டு நினைவகம், ரேம், ப்ராசஸரின் வெப்பம், கிளாக், ஃபிரேம் டைம் ஆகியவற்றைத் திரை மூலையில் காட்ட வையுங்கள். சராசரியையும் "1% லோ" எண்ணையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) பதிவு செய்ய கேப்ஃபிரேம்எக்ஸ் வசதியானது. இன்டெல்லின் பிரசன்ட்மான் இலவசம், எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். அதில் உள்ள "ஜிபியு பிஸி" என்ற அளவு இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

1. வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டுவது), கேமுக்குள் உள்ள ஃபிரேம் வரம்பு, டிரைவரில் வைத்த வரம்பு, ஃபிரேம் ஜெனரேஷன் (கார்டு இடையிடையே கூடுதல் ஃபிரேம் செருகுவது) எல்லாவற்றையும் அணையுங்கள். ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் சேர்ந்து இயங்கினால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 138 அளவில் தானாகவே வரம்பு விழும். அதை ப்ராசஸரின் குறை என்று நினைத்துவிடக் கூடாது.

2. கேமோடு வரும் பெஞ்ச்மார்க்கை நம்ப வேண்டாம். பலவற்றில் கேமரா மட்டும் பறந்து போகும். ப்ராசஸருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. எங்கே திணறுகிறதோ அங்கே அளந்து பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3 என்றால் மூன்றாம் பாகத்து நகரம், சைபர்பங்க் 2077 என்றால் கூட்டம் நிறைந்த கடைத்தெரு, ஆன்லைன் கேம் என்றால் ஆள் நிறைந்த ஆட்டம்.

3. ஒரே பாதையில் 60 விநாடி நடந்து சராசரியையும் 1% லோவையும் குறியுங்கள். மூன்று முறை. முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (கார்டுக்கான வரைதல் நிரல்கள்) தயாராகிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

4. இப்போது ரெசல்யூஷனை மட்டும் 1280 x 720க்கு இறக்குங்கள், அல்லது டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங்கை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) ஆகக் கீழான நிலையில் வையுங்கள். வேறு எந்தச் செட்டிங்கையும் தொடாதீர்கள். பலர் "லோ" பிரிசெட்டை ஒரேயடியாகப் போட்டுவிடுவார்கள். அதில் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், நிழல் எல்லாம் சேர்ந்து குறையும். ப்ராசஸரின் சுமையும் இறங்கிவிடும், அளவு கெட்டுவிடும். அதே பாதை, அதே 60 விநாடி.

இரண்டாவது ஓட்டத்தில் வந்ததுதான் உங்கள் ப்ராசஸரின் உச்சவரம்பு. சில உதாரண எண்களை வைத்துப் பார்க்கலாம்.

1440பியில் 74 ஃபிரேம், கார்டு 98% பயன்பாட்டில், 720பியில் 140. ப்ராசஸர் ஏற்கெனவே ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் ஓடத் தயாராக நிற்கிறது. புது ப்ராசஸர் இங்கே வீண்.

1440பியில் 74, கார்டு 60%, 720பியில் 75. கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கார்டை மாற்றினால் பயன்பாடு இன்னும் குறையுமே தவிர ஃபிரேம் கூடாது. மாற்ற வேண்டியது ப்ராசஸர், அல்லது ரேம்.

1440பியில் 74, கார்டு 98%, 720பியில் 81. தவறான முடிவுகள் அதிகம் பிறப்பது இங்கேதான். கார்டுதான் முட்டுகிறது என்பது உண்மை. ஆனால் இருமடங்கு வேகமுள்ள கார்டை வாங்கினாலும் 81லேயே நின்றுவிடும். 80 போதும் என்பவருக்கு எதையும் மாற்றத் தேவையில்லை. 120 வேண்டும் என்பவருக்கு இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஏமாற வேண்டாம்.

ப்ராசஸர் 30% தானே காட்டுகிறது?

டாஸ்க் மேனேஜரில் தெரியும் மொத்தப் பயன்பாட்டை வைத்து முடிவெடுக்கவே கூடாது. 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8.3% தான். பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மைத் திரெட்டும் பட்டியல் எழுதும் திரெட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக உழைக்கும். அவற்றின் வேகம்தான் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. மீதிக் கோர்கள் சும்மா இருந்தால் சும்மாவே இருக்கும். கோர் வாரியாகப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் விண்டோஸ் ஒரு திரெட்டைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும்.

கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். எந்த வரம்பும் போடாத நிலையில் அது 90 சதவீதத்துக்குக் கீழே கிடந்தால், அதற்கு வேலை வந்து சேரவில்லை என்று பொருள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிரசன்ட்மானின் ஜிபியு பிஸி. ஃபிரேம் டைம் 14 மில்லி விநாடி, ஜிபியு பிஸி 9 மில்லி விநாடி என்று காட்டினால், கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் 5 மில்லி விநாடி காத்திருக்கிறது. 1000ஐ 9ஆல் வகுத்தால் 111: கார்டின் உச்சவரம்பு அது. 14ஆல் வகுத்தால் 71: இப்போது கிடைப்பது. 71க்கும் 111க்கும் இடையே உள்ளதுதான் ப்ராசஸர் மாற்றத்தால் நீங்கள் ஆசைப்படக்கூடிய அதிகபட்சம்.

புது ப்ராசஸர் எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்

விமர்சனங்களில் 1080பியில், சந்தையிலேயே பெரிய கார்டை வைத்து ப்ராசஸர்களைச் சோதிப்பார்கள். "யார் இப்படி விளையாடுகிறார்கள்?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. கார்டை வழியிலிருந்து விலக்கி ப்ராசஸரின் உச்சவரம்பை மட்டும் காட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்த எண் உங்களுக்கு அப்படியே கிடைக்காது. ஆனால் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஆடும் அதே கேமில் உங்கள் ப்ராசஸர் 100, வாங்க நினைப்பது 150 என்று ஒரு சோதனை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1.5. நீங்கள் அளந்த உச்சவரம்பு 81 என்றால் புதியது 121க்கு அருகில் வரும். உங்கள் கார்டின் உச்சவரம்பு உங்கள் செட்டிங்கில் 95 என்றால் திரையில் கிடைக்கப்போவது 95. ஆக 81லிருந்து 95, அதாவது 17% கூடுதல். பெட்டியில் 50% வேகம் வாங்கி வந்து வீட்டில் 17% பார்க்கிறீர்கள். அந்த 17 சதவீதத்துக்கு அந்தப் பணம் தகுமா என்பதை உங்கள் பையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4கே பற்றி ஒரு தப்பெண்ணம் நிலவுகிறது: அங்கே எல்லா ப்ராசஸரும் ஒன்றுதான் என்பார்கள். அசல் 4கேயில் ஓரளவு சரி. ஆனால் 4கேயில் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் உள்ளே வரையப்படுவது 1920 x 1080 தான். 1440பியில் குவாலிட்டி வைத்தால் உயரம் 960 புள்ளிகள்தான். அப்ஸ்கேலிங் பயன்படுத்துபவர் 4கே மானிட்டர் வைத்திருந்தாலும் ப்ராசஸரைப் பொறுத்தவரை 1080பி ஆட்டக்காரர். ரே டிரேசிங்கும் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) கார்டின் வேலை மட்டுமல்ல. காட்சியில் உள்ள பொருள்கள் அசையும்போதெல்லாம் கதிர் எதில் படுகிறது என்று தேட உதவும் பொருள்பட்டியலைப் புதுப்பிப்பதில் ப்ராசஸருக்கும் பங்கு உண்டு. கேமராவுக்குப் பின்னால் இருப்பவையும் கணக்கில் சேர்ந்துவிடும். ரே டிரேசிங்கை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை அளந்தால் சில கேம்களில் உச்சவரம்பே இறங்குவதைப் பார்க்கலாம்.

முதலில் பைசா செலவில்லாதவை

ப்ராசஸர் போதவில்லை என்று அளவு சொன்னாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தையும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 3600 என்று எழுதிய டிடிஆர்4 ரேம் அங்கே 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன்மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, யாரும் இயக்கவே இல்லை. 6000 என்று வாங்கிய டிடிஆர்5 4800 காட்டுவதும் இதே கதைதான். ஒரே ஒரு ரேம் குச்சி மாட்டியிருந்தால் இரண்டாக்குங்கள்; ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை இருமடங்காகும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். ஒன்றாவதிலும் இரண்டாவதிலும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியவர்கள் இரண்டு குச்சி வைத்திருந்தும் ஒற்றைச் சேனலில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ரைசன் 3000, 5000 வரிசைகளுக்கு 3600 வேகம் பொருத்தம், ப்ராசஸரின் உள்ளிணைப்பு ரேமின் கிளாக்கோடு ஒத்து 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஐ5-10400 ப்ராசஸரை எச்410, பி460 போர்டில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே 2666க்கு மேல் போக விடமாட்டார்கள்.

ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டுக் கிளாக்கைக் குறைத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். கூலரின் தூசியும் காய்ந்த பேஸ்ட்டும்தான் காரணம் என்றால் அரை மணி நேர வேலை. (ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. அங்கே வெப்பத்தைப் பார்க்காமல் கிளாக் விழுகிறதா என்று பாருங்கள்.) கேமுக்குள் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், நிழல் தூரம், ரே டிரேசிங் நான்கும் ப்ராசஸரைத் தின்பவை. டெக்ஸ்சரைக் குறைப்பதால் ப்ராசஸருக்கு ஒரு நிம்மதியும் இல்லை. நொடிக்கு 8000 முறை அசைவைச் சொல்லும் 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் பழைய ப்ராசஸருக்குத் தனித் தலைவலி. 1000க்கு இறக்கிப் பாருங்கள்.

எந்த ப்ராசஸர் வாங்கினாலும் போகாத திக்கல்

சராசரி 90, ஆனால் அவ்வப்போது சட்டென நின்று நின்று போகிறது என்பவர்கள் ப்ராசஸர்மீது பழி போடும் முன் இவற்றைக் கழிக்க வேண்டும். 8 ஜிபி கார்டில் நினைவகம் நிரம்பி வழிந்தால் தரவு ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலையும்; டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் திக்கல் போனால் காரணம் அதுதான். புதிய இடத்துக்கு முதன்முறை போகும்போது மட்டும் திக்கினால் ஷேடர் தயாரிப்பு. அன்ரியல் எஞ்சின் கேம்கள் பலவற்றில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்போது வரும் வெட்டு, ஆக உயர்ந்த ப்ராசஸரிலும் சின்னதாகவாவது வரும். ஹார்டு டிஸ்கில் கேமை வைத்திருப்பது, 8 ஜிபி ரேம், இணையத் தாமதம் எல்லாம் இதே பட்டியல்தான்.

மாறாக, நான்கு கோர், நான்கு திரெட் மட்டும் உள்ள ஐ5-6500, ஐ5-7500 மாதிரியானவற்றில் வரும் இடைவிடாத திக்கல் ப்ராசஸருடையதேதான். இதில் சந்தேகம் வேண்டாம். சராசரி பரவாயில்லை என்று காட்டும், 1% லோ பாதாளத்தில் இருக்கும்.

அதே சாக்கெட்டில் மேலேறுவது

அளந்த பிறகும் ப்ராசஸர்தான் குறை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வழியை. போர்டும் ரேமும் அப்படியே இருக்கும், ஒரு பொருளை மட்டும் மாற்றுகிறீர்கள்.

சாக்கெட் என்பது போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடம். பழைய ரைசன்களுக்கான ஏஎம்4 சாக்கெட்காரர்களுக்கு இது பொன்னான வாய்ப்பு. 2017இல் ரைசன் 5 1600 வாங்கியவர், போர்டு நிறுவனம் பயாஸ் கொடுத்திருந்தால், அதே போர்டில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டி வரை போகலாம். பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் 2022இல்தான் 5000 வரிசை ஆதரவு பரவலாக வந்தது. 3600லும் 5600லும் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி என்றே எழுதியிருக்கும். ஆனால் 3600இல் அது 16 எம்பி வீதம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 5600இல் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான ஒரே 32 எம்பி. கேம்கள் ரேமுக்குப் போய்வரும் நேரத்தில்தான் அதிகம் காத்திருக்கின்றன, அதனால் இந்த ஒரு மாற்றமே நன்றாகத் தெரியும். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி. கிளாக் குறைவாக இருந்தும் கேம்களில் இவை முந்துவதற்கு அந்தக் கேஷ்தான் காரணம், சாதாரண வேக ரேமையும் இவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 16 கோர் 5950எக்ஸ் கேமுக்கு மட்டும் என்றால் இவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும்.

பெயரில் ஏமாற வாய்ப்புள்ள இடமும் இதுதான். 5500, 5600ஜி, எக்ஸ் இல்லாத 5700 ஆகியவற்றில் எல்3 கேஷ் 16 எம்பி மட்டுமே, கார்டோடு இணைக்கும் பாதையான பிசிஐஇயும் 3.0 தான். 5700 என்ற பெரிய எண்ணைப் பார்த்து வாங்கி, சிறிய எண்ணுள்ள 5600க்குப் பின்னால் நிற்பவர்கள் உண்டு. ஏஎம்5 சாக்கெட்டிலும் இதே வலை இருக்கிறது: 8500ஜி, 8600ஜி, 8700ஜி மூன்றிலும் 16 எம்பி, கார்டுக்கான லேன்களும் (தரவு போகும் தடங்கள்) குறைவு. தனிக் கார்டு வைத்திருப்பவருக்கு இவற்றைவிட 7600 நல்லது. 7500எஃப் அல்லது 7600 வைத்திருந்து உச்சவரம்பில் முட்டுபவர் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி பக்கம் போகலாம். 7600இலிருந்து 7700க்கு மாறுவது கேமுக்குக் கோர் எண்ணிக்கையை வாங்குவது மட்டுமே.

இன்டெல்லில் நிலைமை இவ்வளவு தாராளமில்லை. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஐ5-12400எஃப் வைத்திருப்பவர் ஐ5-13400எஃப்புக்கு மாறினால் பணம் போனதுதான் மிச்சம்: கூடுவது சிறு கோர்கள், பெரிய கோர்கள் அதே எண்ணிக்கை, அதே 1.25 எம்பி எல்2 கேஷ். 13600கே, 14600கே என்றால் பெரிய கோர் ஒன்றுக்கு 2 எம்பி எல்2, கிளாக்கும் அதிகம். அங்கே வித்தியாசம் இருக்கும். ஆனால் மலிவான எச்610 போர்டில் ஐ7-13700கே மாதிரி ஒன்றை மாட்டினால் மின்வழங்கும் பகுதி சூடேறித் திணறி, ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்ஜிஏ1200, எல்ஜிஏ1151 சாக்கெட்களில் மேலேறுவது பெரும்பாலும் இரண்டாங்கைச் சந்தையை நம்பித்தான். ஐ3-9100எஃப் போன்ற நான்கு திரெட்டிலிருந்து எட்டுக்குப் போவதானால் அர்த்தம் உண்டு. ஐ5-10400எஃப்பிலிருந்து ஐ7-10700க்குப் போவதற்கு அவ்வளவு இல்லை. 8, 9ஆம் தலைமுறை ப்ராசஸர்கள், பெயரளவில் சாக்கெட் ஒன்றாக இருந்தாலும், 100, 200 வரிசை போர்டுகளில் முறைப்படி ஓடாது.

13, 14ஆம் தலைமுறையை இரண்டாங்கையில் வாங்குவதானால் நிதானம் தேவை. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு ப்ராசஸர் தேய்ந்துபோகும் குறையை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 0எக்ஸ்129, 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (பயாஸ் வழியே வரும் ப்ராசஸர் திருத்தங்கள்) வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் இனி தேயாமல் காக்கும், தேய்ந்ததைச் சரிசெய்யாது. அன்ரியல் எஞ்சின் கேம்கள் "கார்டு நினைவகம் போதவில்லை" என்று சொல்லி விழுவது, கார்டில் இடம் நிறைய இருந்தும், இந்தத் தேய்மானத்தின் பழகிய அறிகுறி.

போர்டு, ரேம், ப்ராசஸர் மூன்றையும் மாற்றுவது

இந்த இடத்தில் ஒப்பிட வேண்டியது ப்ராசஸர் விலையையும் கார்டு விலையையும் அல்ல. மூன்று பொருள்களின் மொத்த விலையையும் கார்டு விலையையும். எல்ஜிஏ1151இலிருந்து எல்ஜிஏ1700க்குப் போனால் கூலரின் துளை இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78ஆக மாறுகிறது, ஆகவே புதிய பிராக்கெட்டும் தேவை. ஏஎம்4இலிருந்து ஏஎம்5க்குப் போகும்போது, போர்டோடு வந்த பின்தகட்டைப் பயன்படுத்தும் கூலர்கள் அப்படியே பொருந்தும்.

ஏஎம்4 போர்டு கையில் இருக்கும்போது இந்த வழிக்கு வருவது பெரும்பாலும் அவசரம். 5700எக்ஸ்3டி கிடைக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல்காரருக்கோ வேறு வழியே இல்லை: விண்டோஸ் 11 இவற்றில் ஏறக்குறைய எதையும் ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, சில ஆன்லைன் கேம்கள் செக்யூர் பூட் கேட்கின்றன. ஃபிரேம் கணக்கு எப்படி இருந்தாலும் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

புதிதாகக் கட்டுவதானால், கேம் மட்டுமே நோக்கம் என்றால், ஏஎம்5 சாக்கெட்டே என் தேர்வு. 2027 வரையாவது அந்த சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600, பிறகு எக்ஸ்3டி என்று படிப்படியாக ஏறலாம். 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 சாக்கெட்டில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை, மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும் கேமில் தன் முந்தைய தலைமுறையையே தெளிவாகத் தாண்டவில்லை. ரேமை 16 ஜிபி குச்சி இரண்டாக, 6000 சிஎல்30 என்று வாங்குங்கள். பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். ரைசன் 7000க்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு 3600 தான்.

அதற்குப் பதில் கார்டு

720பி சோதனையில் எண் பாய்ந்து ஏறியவர்களுக்கு இதுவே பதில். ஆலன் வேக் 2 போன்றவற்றை உயர்ந்த செட்டிங்கில் ஆடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருப்பார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் ஆட்டக்காரர்களும், சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2, ஃபிளைட் சிமுலேட்டர் பிரியர்களும் எதிர்ப்பக்கம். முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளில் ஃபிரேமே கூடாவிட்டாலும், எதிராளிக் கணினி தன் முறையை யோசித்து முடிக்கும் நேரம் புது ப்ராசஸரால் குறையும். அதை எந்த ஃபிரேம் மீட்டரும் காட்டாது.

பழைய ப்ராசஸரை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் மட்டும் உள்ள கார்டு, பிசிஐஇ 3.0 போர்டில் தெளிவாகவே சறுக்கும். இன்டெல் ஆர்க் பி580 கார்டின் டிரைவர் ப்ராசஸரிடம் அதிகம் வேலை வாங்கும்; ரைசன் 5 2600 காலத்து ப்ராசஸரோடு சேர்த்தால் விமர்சனங்களில் பார்த்த எண் கிடைக்காது. ரீசைசபிள் பார் (கார்டு நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் ஆர்க் கார்டை யோசிக்கவே வேண்டாம்.

ஃபிரேம் ஜெனரேஷன் ப்ராசஸர் குறையை மறைக்குமா? மறைக்கும். இடைச்செருகும் ஃபிரேமைக் கார்டே செய்துகொள்வதால் ப்ராசஸரிடம் கேட்பதில்லை. 70 என்பது 120, 130 என்று ஓடும். கையில் உணரும் தாமதம் மட்டும் 70க்கு உரியதே, சற்றுக் கூடவும் செய்யும். கதை சொல்லும் கேமுக்குப் பழுதில்லை, சுடும் போட்டிக்கு உதவாது. 40 ஃபிரேம் உச்சவரம்பில் அதை வைத்துச் சமாளிப்பது சேற்றில் நடப்பதுபோல் இருக்கும்.

மாட்டும்போது தவறுவது எங்கே

பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். புதியதை மாட்டிய பிறகு திரை கறுப்பாக நின்றால், பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இல்லாத போர்டில் பழையதைத் திரும்ப மாட்டுவதைத் தவிர வழியில்லை. சில ஏஎம்4 போர்டுகளில் புதிய பயாஸ் மிகப் பழைய ப்ராசஸர்களின் ஆதரவை நீக்கிவிடும். போர்டு பக்கத்தில் உள்ள குறிப்பை முழுக்கப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் ப்ராசஸருக்குள் இருப்பதால் புதியதோடு மாறிவிடும், சாவி இல்லாவிட்டால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது. போர்டையும் மாற்றுகிறீர்கள் என்றால் விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி மெதுவாக எடுங்கள். 5800எக்ஸ்3டி பெட்டியில் கூலர் வராது. 5600ஓடு வரும் சிறிய கூலர் அதற்குப் போதாது.

புதிய டிடிஆர்5 கணினி முதல் முறை ஒளிர சில நிமிடம் எடுக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறி மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

ப்ராசஸர் மாறியதும் பயாஸ் பெரும்பாலும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும், எக்ஸ்எம்பியும் அணைந்துபோயிருக்கும். 5700எக்ஸ்3டி மாட்டிவிட்டு 2133 ரேமில் ஓட்டிக்கொண்டு "பெரிதாக வித்தியாசமில்லை" என்பவர்கள் பலரின் கதை இதுதான். அதை இயக்கி, சிப்செட் டிரைவரைப் புதிதாக நிறுவி, முன்பு நடந்த அதே தெருவில் அதே 60 விநாடி நடந்து பாருங்கள். 720பி எண் கணக்கிட்ட அளவுக்கு ஏறியிருந்து, உங்கள் வழக்கமான செட்டிங்கில் கார்டு 95 சதவீதத்தைத் தாண்டி நின்றால், ப்ராசஸரிடமிருந்து பெற வேண்டியதைப் பெற்றாகிவிட்டது.